ஆற்றைக் காலி செய்து வீட்டை அலங்கரிப்பதா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு வீட்டில் பெரிய விவாதம் நடக்கிறது.

கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் தங்க மீன்கள் நாலு. மூலையில் கறுப்பாக ஒரு மீன் கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வாங்கியபோது அது சுண்டு விரல் நீளம் இருந்தது. "இது தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்" என்று சொல்லிக் கடைக்காரர் கொடுத்தார். விலையும் மலிவு. இப்போது அது ஒரு சாணைத் தாண்டிவிட்டது.

"அப்பா, இது திரும்பினாலே தண்ணீர் வெளியே கொட்டுகிறது" என்கிறான் பையன்.

"கொன்றுவிடாதீர்கள். வாயில்லா ஜீவன். கோயில் குளத்தில் விட்டுவிட்டு வாருங்கள். புண்ணியமாகப் போகும்" என்கிறாள் அம்மா.

அப்பா வாளியை எடுக்கிறார்.

இது எத்தனையோ வீடுகளில் நடக்கும் கதை. இரக்கப்பட்டுத்தான் செய்கிறார்கள். அதனால் விளையும் கேடு அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கறுப்பு மீனுக்கு ஒரு பங்காளி உண்டு. வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட அழகு மீன். கடல் கடந்து, பிரேசில் நாட்டில், ஒரே ஓர் ஆற்றில் மட்டும் அது பிறக்கிறது. அதன் விலை ஆயிரக்கணக்கான ரூபாய். அது அழிந்துகொண்டிருக்கிறது.

ஒரு பங்காளியை ஆற்றிலிருந்து பிடித்துப் பிடித்துத் தீர்க்கிறார்கள். இன்னொரு பங்காளியைக் குளத்தில் விட்டு விட்டுப் பெருக்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே காரணம்தான். "இது என்ன மீன்? எங்கிருந்து வந்தது? எவ்வளவு வளரும்?" என்று யாரும் கேட்டு வாங்குவது இல்லை.

கவசம் போட்ட கெளுத்தி

கெளுத்தி மீன் நமக்குத் தெரியும். மீசை இருக்கும். செதில் இருக்காது. உடம்பு வழவழ என்று இருக்கும்.

தென் அமெரிக்காவில் ஒரு கெளுத்திக் குடும்பம் இருக்கிறது. அதற்கு உடம்பு முழுவதும் எலும்புத் தகடு. போர் வீரன் கவசம் போட்டதுபோல் இருக்கும். வாய் முகத்துக்கு அடியில் இருக்கிறது. உதடு வட்டமாக விரியும். அந்த உதட்டால் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் இழுத்துக்கொண்டு போகாது.

இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ ஆயிரம் வகை மீன்கள் உண்டு.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1758-ம் ஆண்டில் இவற்றில் ஒரு மீனுக்கு "பிளெக்கோஸ்டோமஸ்" என்று பெயர் வைத்தார். "மடிப்பு விழுந்த வாய்" என்று அர்த்தம். மீன் வளர்ப்பவர்கள் அதைச் சுருக்கி, குடும்பம் முழுவதையுமே "பிளெக்கோ" என்று அழைக்கிறார்கள். நம் ஊர்க் கடைகளில் "சக்கர்" என்றும் "டேங்க் கிளீனர்" என்றும் விற்கிறார்கள்.

ஆயிரம் வகையும் ஒரே மாதிரி இல்லை. சில வகை விரல் நீளத்தோடு நின்றுவிடும். சில வகை முழங்கை நீளம் வளரும். சில பாசியைத் தின்னும். சில புழு, பூச்சியைத் தின்னும். மரக்கட்டையைச் சுரண்டித் தின்னும் மீன்கூட இந்தக் குடும்பத்தில் உண்டு!

பெயருக்குப் பதில் எண்

1980-ம் ஆண்டுகளில் தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து புதுப்புது பிளெக்கோக்கள் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தன. விஞ்ஞானிகள் பெயர் வைப்பதற்குள் வியாபாரிகள் விற்றுத் தீர்த்தார்கள். எது என்ன மீன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

ஜெர்மனியில் மீன் வளர்ப்போருக்கான ஒரு பத்திரிகை 1988-ல் ஒரு வழி கண்டுபிடித்தது. புதிதாக வரும் ஒவ்வொரு மீனின் படத்தையும் போட்டு, ஓர் எண் கொடுத்தது. எல்-1, எல்-2, எல்-3 என்று அந்த எண்கள் வளர்ந்தன. இன்று 500-ஐத் தாண்டிவிட்டன.

எண் வந்தது நல்லதற்குத்தான். ஆனால் ஒரு விபரீதமும் கூடவே வந்தது. தபால் தலை சேர்ப்பவர்கள்போல் சிலர் எண் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். "என்னிடம் அந்த எண் இருக்கிறது. உன்னிடம் இருக்கிறதா?" என்று போட்டி. எந்த மீன் அரிதோ அதற்கு விலை ஏறியது. விலை ஏற ஏற, அரிதான மீன் மேலும் அரிதானது.

அப்படி விலை ஏறிய மீன்களில் முதல் வரிசையில் நிற்பது எல்-46.

ஷிங்கு ஆற்றின் செல்லப்பிள்ளை

எல்-46 என்றால் வரிக்குதிரை பிளெக்கோ.

தூய வெள்ளை உடம்பு. அதன் மேல் மை தீட்டியதுபோல் கறுப்பு வரிகள். முகத்தில் வளைந்த கோடு. வளர்ந்து முடிந்த மீன் சுமார் 8 சென்டி மீட்டர்தான். உள்ளங்கையில் அடங்கிவிடும். 1991-ல் விஞ்ஞானிகள் இதற்கு முறைப்படி பெயர் வைத்தார்கள்.

இது பிறக்கும் இடம் பிரேசிலில் உள்ள ஷிங்கு ஆறு. அமேசான் நதியில் போய்ச் சேரும் ஆறுகளில் இதுவும் ஒன்று. நம் காவிரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம்.

அவ்வளவு நீள ஆற்றில் எல்லா இடத்திலும் இந்த மீன் இல்லை. அல்டமீரா என்ற நகரத்தைத் தாண்டியதும் ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. அந்த ஊர் மக்கள் அதைப் "பெரிய வளைவு" என்றே சொல்கிறார்கள். அங்கே பாறைகள் அதிகம். தண்ணீர் பாறை மேல் மோதி, நுரைத்து, பிராணவாயுவைக் கலந்துகொண்டு ஓடும். வரிக்குதிரை பிளெக்கோ அந்த வளைவிலும் அதை ஒட்டிய இடங்களிலும் பாறை இடுக்குகளில்தான் வாழ்கிறது. உலகத்தில் வேறு எந்த ஆற்றிலும் கிடையாது.

தாய் மீன் ஒரு தடவைக்குச் சுமார் 10 அல்லது 15 முட்டைதான் இடும். நம் ஊர்க் கெண்டை லட்சக்கணக்கில் இடும். கணக்கைப் பாருங்கள்!

முட்டையைக் காப்பது தகப்பன் மீன். பொந்துக்குள் நுழைந்து, வாசலை அடைத்துக்கொண்டு, துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சு வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு தீரும் வரை தகப்பன் வெளியே விடாது. அந்தக் குஞ்சு பெரியதாகித் தானும் முட்டை இட இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

கொஞ்சமாகப் பெற்று, கவனமாக வளர்க்கும் ஜீவன் இது. வருஷத்துக்கு வருஷம் வாரிக்கொண்டு போனால் தாங்குமா?

அணை வந்தது

பெரிய வளைவில் 2011-ல் ஒரு பிரம்மாண்ட நீர் மின்சாரத் திட்டம் தொடங்கியது. பெலோ மொன்டே என்று பெயர். 2016-ல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். 2019-ல் வேலை முடிந்தது. மொத்த சக்தி 11,233 மெகாவாட். உலகத்தின் மிகப் பெரிய நீர் மின் நிலையங்களில் இதுவும் ஒன்று.

ஆற்றுத் தண்ணீரின் பெரும் பகுதியைக் கால்வாய் வெட்டி வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். அணைக்கு மேலே பாறைகள் முழுகி, ஓடும் தண்ணீர் தேங்கும் தண்ணீர் ஆகிவிட்டது. அணைக்குக் கீழே வளைவில் தண்ணீர் குறைந்துவிட்டது. மேலேயும் கஷ்டம். கீழேயும் கஷ்டம்.

அந்தக் கரையில் ஜுருனா, அராரா என்ற ஆதிக்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஆற்று மீன்தான் அவர்களுக்குச் சோறு. "எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் விடுங்கள்" என்று அவர்கள் போராடி வருகிறார்கள்.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வீடு முழுகிய மீனை மிச்சம் மீதி இல்லாமல் பிடித்து விற்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

பெட்டிக்குள் போகும் மீன்

அல்டமீராவில் மீன் பிடிப்பவர்கள் துணிச்சல்காரர்கள். படகில் ஒரு காற்று எந்திரம் ஓடும். அதிலிருந்து ஒரு நீளமான குழாய். அந்தக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆற்றின் அடிக்குப் போவார்கள். பாறை இடுக்கில் குச்சியை விட்டு மீனை வெளியே தள்ளிப் பிடிப்பார்கள். உயிருக்கு ஆபத்தான தொழில்.

2004-ல் பிரேசில் சர்க்கார் வரிக்குதிரை பிளெக்கோவை அழியும் ஆபத்தில் உள்ள மீன் என்று அறிவித்தது. அதைப் பிடிப்பதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம் ஆனது.

சட்டம் வந்தது. கடத்தலும் வந்தது!

மீனைச் சின்னச் சின்ன பாலிதீன் பைகளில் அடைப்பார்கள். பையைத் துணிப் பெட்டிக்குள் மறைப்பார்கள். படகு, விமானம் என்று மாறி மாறி எல்லையைத் தாண்டிக் கொலம்பியாவுக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து மற்ற நாடுகளுக்கு அனுப்புவார்கள். இப்படிக் கடத்தியவர்களைப் பிரேசில் போலீசார் விமான நிலையங்களில் பிடித்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும்போது பாதி மீன் செத்துக் கிடப்பதும் உண்டு.

உயிரைப் பணயம் வைத்து முழுகுகிறவனுக்குக் கிடைப்பது கொஞ்சம். நடுவில் நிற்கும் தரகனுக்குக் கிடைப்பது கொள்ளை. தூர தேசத்தில் ஒருவர் பணத்தை நீட்டுவதால்தான் இந்தச் சங்கிலி ஓடுகிறது.

அழியும் உயிர்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தச் "சைட்டிஸ்" என்ற சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. 2022 நவம்பரில் பனாமாவில் அந்த நாடுகளின் மாநாடு கூடியது. வரிக்குதிரை பிளெக்கோவை இரண்டாவது பட்டியலில் சேர்த்தது. ஆற்றில் பிடித்த மீனை வியாபாரத்துக்கு அனுப்பவே கூடாது என்றும் முடிவு செய்தது.

நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதே 2022-ல் திருத்தப்பட்டது. அதில் பட்டியல் போட்ட வெளிநாட்டு உயிரினத்தை வீட்டில் வைத்திருந்தால் சர்க்காரிடம் அறிவித்துப் பதிவு செய்யவேண்டும். அது குஞ்சு பொரித்தாலும் தெரிவிக்கவேண்டும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. அரிய மீன் வாங்குமுன் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது நல்லது.

"வளர்த்துக் காப்பாற்றினால் என்ன?"

மீன் வளர்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஆற்றில் அழிகிறது. தொட்டியில் குஞ்சு பொரிக்கிறது. நாங்கள் வளர்ப்பதால்தானே இனம் பிழைக்கும்?"

நியாயமான கேள்விதான். வரிக்குதிரை பிளெக்கோ தொட்டியில் குஞ்சு பொரிக்கிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பலர் பொறுமையாக வளர்த்துப் பெருக்கியிருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த மீனைப் பதிவோடு வாங்கினால் ஆற்றுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படி வளர்ப்பவரைப் பாராட்டவேண்டும்.

ஆனால் தொட்டியில் பிறந்த மீன் என்ற போர்வையில் ஆற்று மீனும் விற்பனை ஆகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே, எங்கே பிறந்தது என்பதற்குச் சாட்சி கேட்கவேண்டியது வாங்குகிறவரின் கடமை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காட்டு ஆற்றில் பிடித்த மீன் எல்லாமே பாவம் என்பது இல்லை. அதே பிரேசிலில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். அங்கே நீக்ரோ ஆற்றில் கார்டினல் டெட்ரா என்ற குட்டி மீனைப் பிடித்து விற்று ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன. அந்த மீன் ஏராளம். ஆற்றில் அதற்கு ஆயுளும் குறைவு. வெள்ளம் வடியும்போது குட்டையில் சிக்கித் தானாகவே கூட்டம் கூட்டமாகச் சாகும். அளவோடு பிடிப்பதால் இனம் குறைவது இல்லை. மீன் காசு கொடுப்பதால் அந்த மக்கள் காட்டை வெட்டாமல் காக்கிறார்கள்.

ஒரு மீனுக்குப் பொருந்தும் நியாயம் இன்னொரு மீனுக்குப் பொருந்தாது. அதனால்தான் மீனைப்பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்கிறோம்.

பட்டினி கிடக்கும் பணக்கார மீன்

ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மீன் சில மாதத்தில் செத்துப்போவது ஏன்?

முதல் காரணம், பட்டினி! பிளெக்கோ என்றால் பாசி தின்னும் என்று நினைத்துச் சும்மா விட்டுவிடுகிறார்கள். வரிக்குதிரை பிளெக்கோ பாசியைச் சீந்தாது. அதற்குப் புழுவும் இறாலும் வேண்டும். கீழே முழுகும் தீவனமாகப் போடவேண்டும். அதுவும் விளக்கை அணைத்த பிறகு போடவேண்டும். பகலில் ஒளிந்து கிடந்து இரவில் மேயும் மீன் அது. பகலில் போட்டால் மற்ற மீன்கள் தின்றுவிடும். இது மெலிந்துகொண்டே போகும். வயிறு உள்ளே ஒட்டி, கண் குழி விழுந்தால் பட்டினி என்று அறியுங்கள். அப்படிப்பட்ட மீனைக் கடையில் பார்த்தால் வாங்காதீர்கள்.

இரண்டாவது காரணம், புதுத் தொட்டி. இன்று தொட்டி வாங்கி, இன்றே தண்ணீர் ஊற்றி, இன்றே மீனை விடுகிறார்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அந்த நஞ்சை மாற்றி, தீங்கு குறைந்த பொருளாக ஆக்குகின்றன. அவை வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல் எந்திரத்தை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வாருங்கள். தண்ணீரைச் சோதிக்கும் மருந்து கடையில் கிடைக்கும். அம்மோனியா இல்லை என்று காட்டிய பிறகு மீனை விடுங்கள்.

வடிகட்டியைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவாதீர்கள். குளோரின் மருந்து அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மூன்றாவது காரணம், மூச்சு. நுரைத்து ஓடும் ஆற்றில் வாழ்ந்த மீன் இது. தண்ணீர் ஓடவேண்டும். காற்று எந்திரம் இரவும் பகலும் இயங்கவேண்டும். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இது கஷ்டம் இல்லை. ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். மின்சாரம் நின்றால் மீன் திணறும். பாட்டரியில் ஓடும் சின்னக் காற்று எந்திரம் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு முனை அடைத்த மண் குழாய் போதும். மீன் நுழைந்தால் இறுக்கமாக இருக்கவேண்டும். அதுதான் அதற்குப் பிடிக்கும்.

வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். புதிதாக வாங்கிய மீனை மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள்.

இவ்வளவும் செய்தால் பத்து வருஷத்துக்கு மேலும் அது வாழும். இவ்வளவும் செய்ய நேரம் இல்லை என்றால் வாங்காமல் இருப்பதே தர்மம்.

ஏழைக்கு ஏற்ற பிளெக்கோ

பிளெக்கோ வளர்க்கவேண்டும் என்று ஆசையா? அதற்கு அரிய மீன் வேண்டியது இல்லை.

மூக்கில் மீசைபோல் முளைத்த ஒரு வகை இருக்கிறது. "பிரிஸில் நோஸ்" என்று கேளுங்கள். சுமார் 12 சென்டி மீட்டருக்கு மேல் பெரும்பாலும் வளராது. பாசியை உண்மையிலேயே தின்னும். வெள்ளரித் துண்டு, வெந்த கீரை கொடுத்தால் பிரியமாகச் சாப்பிடும். தொட்டியில் ஒரு மரக்கட்டை போட்டு வையுங்கள். வீட்டுத் தொட்டியிலேயே சுலபமாகக் குஞ்சு பொரிக்கும். கடையில் விற்பது ஏறக்குறைய எல்லாமே தொட்டியில் பிறந்ததுதான்.

இதிலும் தகப்பன் மீன் பொந்தில் உட்கார்ந்து முட்டையைக் காக்கும். குழந்தைகள் பார்த்துக் களிக்கலாம். ஷிங்கு ஆற்றின் அதிசயத்தைக் கொஞ்சம் விலையில் வீட்டிலேயே காணலாம். எந்த ஆற்றுக்கும் நஷ்டம் இல்லை.

குளத்துக்கு வந்த வினை

இனி, வாளியைத் தூக்கிய அப்பாவிடம் வருவோம்.

அவர் கையில் இருக்கும் கறுப்பு மீன் சாதாரண சக்கர். இதுவும் தென் அமெரிக்க மீன்தான். வளர்ந்தால் ஒரு முழம்கூட ஆகும். பாசியைத் தின்பது உண்மை. ஆனால் கழிவும் ஏராளமாகப் போடும். சுத்தம் செய்ய வந்த மீன் தொட்டியை அசுத்தம் செய்யும்!

குளத்தில் விட்டால் என்ன ஆகும்?

இதற்குச் சாவு இலேசில் வராது. தண்ணீர் கெட்டால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே மூச்சு விடும். சாக்கடை நீரிலும் பிழைக்கும். கவசம் இருப்பதால் மற்ற மீன்கள் இதைத் தின்னமுடியாது. கரையில் வளை தோண்டி முட்டை இடும். வளை பெருகினால் கரை சரியும். நம் ஊர் மீன்களுக்கு வேண்டிய பாசியை இது தின்றுவிடும். அவற்றின் முட்டையையும் விழுங்கிவிடும்.

வலையில் சிக்கினால் முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும். பிடித்தாலும் வாங்க ஆள் இல்லை. வலைக்குக் கடன் வாங்கிய மீனவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான்.

மெக்சிகோ நாட்டில் இன்பியர்னீயோ என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் இந்த மீன் புகுந்தது. அங்கே திலேப்பியா மீன் பிடித்து வாழ்ந்த மீனவர்கள் நொடித்துப் போனார்கள். "பிசாசு மீன்" என்று அவர்கள் இதற்குப் பெயர் வைத்தார்கள். வங்காள தேசம் 2023-ல் இந்த மீனுக்குத் தடை போட்டது. நம் தமிழ்நாட்டு ஏரி, குளங்களிலும் இது பரவிவிட்டது.

தென் அமெரிக்க மீன் கடலை நீந்தி இங்கே வரவில்லை. தொட்டியில் வந்தது. வாளியில் குளத்துக்குப் போனது.

"பிழைத்துப் போ" என்று ஓர் உயிரை விட்டோம். அந்தக் குளத்தில் இருந்த ஆயிரம் உயிருக்கு அது எமன் ஆனது. இது புண்ணியக் கணக்கில் சேருமா?

கேட்டு வாங்குங்கள்

கடைக்குப் போகும்போது நாலு கேள்வி கேளுங்கள்.

"இது எங்கே பிறந்தது? தொட்டியிலா, ஆற்றிலா?"

"எவ்வளவு பெரியதாக வளரும்?"

"என்ன தின்னும்?"

"வளர்க்க முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?"

நல்ல கடைக்காரர் கோபிக்கமாட்டார். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்த்தே ஜீவனம் செய்கின்றன. மீனைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பெருமைதான். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். அரிய மீன் என்று காதோடு சொல்லி, ரசீது இல்லாமல் கொடுப்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள்.

சர்க்காருக்கும் ஒரு வேண்டுகோள். சக்கர் மீன் விற்கும் கடையில், "இது ஒரு முழம் வளரும். குளத்தில் விடக்கூடாது" என்று தமிழில் எழுதிப் பலகை மாட்டச் சொல்லுங்கள். வளர்க்க முடியாத மீனைப் பொதுமக்கள் கொண்டுவந்து ஒப்படைக்க, மாவட்டத்துக்கு ஓர் இடமாவது வையுங்கள். ஒப்படைக்க இடம் இல்லாமல் "விடாதே" என்று மட்டும் சொன்னால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

அப்பாவிடம் பையன் இதையெல்லாம் படித்துக் காட்டினால், அவர் வாளியைக் கீழே வைத்துவிடுவார். கறுப்பு மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார். அல்லது பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுப்பார்.

அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு ஒரு ஜோடி மீசை பிளெக்கோ வரட்டும். மண் குழாய்க்குள் தகப்பன் மீன் விசிறிக்கொண்டு இருப்பதைப் பையன் பார்க்கட்டும். ஷிங்கு ஆற்றின் பாறை இடுக்கிலும் இப்படித்தான் ஒரு தகப்பன் மீன் காவல் இருக்கும் என்று அம்மா அவனுக்குச் சொல்லட்டும். அந்த மீனை அங்கேயே இருக்க விடுவோம்.